மார்பில் வைத்த மைப்புள்ளி

ஜெனரேட்டர் ஓட்டுகிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முதல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக்காலத் தடையில் கரண்டும் பெற்றோலும் இல்லாமல், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டித் திரிந்த உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு இரவு வேலை. பின்னேர ஸ்கானோடு தொடங்கி, விடிந்தபின் முடியும். படித்த தொழிலல்ல, கழற்றிப் பூட்டிப் பழகியது.

கூழ்

ஸ்கானுக்குத் தோலில் பூசுகிற ஜெல் கொழும்பிலிருந்து வராத காலம். டொக்டர் மாவைக் காய்ச்சிப் பூசுவார். சாவகச்சேரிப் பூமணியக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. யன்னலுக்கு வெளியே நான் பெற்றோல் சொட்டில் ஜெனரேட்டர் மிசினைக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். கூழ் பட்டதும் உள்ளேயிருந்து அவ குரல் கேட்டது: "என்ன டொக்டர், உப்புப் போட மறந்துபோனியளோ?"

தோய்ச்சல்

அந்த நாளில் இந்த நோய்க்கு முழு மார்பையும் எடுப்பதுதான் வழக்கம். ஆனால் ஸ்கானில் ஒரேயொரு சின்னக் கட்டிதான் தெரிந்தது, கைக்கடியில் கமக்கட்டிலும் ஒன்றுமில்லை. கட்டியை மட்டும் எடுக்கலாம் என்றார் டொக்டர். கைக்குப் பிடிபடாத ஆழம் என்பதால், நேர் மேலே தோலில் மையால் ஒரு புள்ளி வைத்தார். அடுத்தநாள் வெட்டு அதிலேதான்.

காலமை பூமணியக்கா ஈரத்தலையும் திருநீறுமாக வந்து நின்றா. ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுத் தலையோடு தோய்ந்து குளித்திருக்கிறா. புள்ளி இல்லை. டொக்டர் தலையில் கைவைத்துவிட்டார். புருசன்காரர்தான் பதில் சொன்னார்: "சாமியறைக்கே தோயாமல் போகாதவள், ஒப்பரேசனுக்குத் தோயாமல் வருவாளோ?"

இரண்டாவது ஸ்கான்

மறுபடி ஸ்கான் பார்க்க மிசினில் எண்ணெய் இல்லை. "இடம் தெரியாமல் வெட்டேலாது, முழுசாய்த்தான் எடுக்கவேணும்" என்றார் டொக்டர். புருசன்காரர் தன் மோட்டார் சைக்கிளைச் சரித்து, டாங்கியில் கிடந்ததையெல்லாம் வடித்துத் தந்தார். துணியில் வடிகட்டி ஊற்றினேன். மிசின் இருமி இருமிப் பிடித்தது.

இந்தமுறை ஒப்பரேசனுக்குப் படுக்கிற மாதிரியே கையை விரித்துப் படுக்கவைத்துப் பார்த்தார் டொக்டர். முதல் கட்டிக்குத் தள்ளி, ஓரத்தில் இன்னொன்று. கட்டியை மட்டும் எடுத்திருந்தால் அது உள்ளேயே கிடந்திருக்கும். முழு மார்பையும் எடுத்தார்கள். சாவகச்சேரி வரைக்கும் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார் மனிசன்.

தையல் வெட்ட வந்த அன்று பூமணியக்கா என்னைக் கண்டு நின்றா. இடப்பக்கம் சேலையை இழுத்து மூடியபடி சொன்னா: "போனது போகட்டும் தம்பி. இனி ஆரும் என்னைத் தோயாதை எண்டு சொல்லட்டும், பாப்பம்!"

எத்தனையோ மிசின் கிளப்பியிருக்கிறேன். கெட்ட செய்தி வந்து சேரும்வரை நிற்காமல் ஓடியதற்காக நான் தொட்டுக் கும்பிட்டது அது ஒன்றைத்தான்.