ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு நாள் யாரும் சாப்பிடவில்லை. அதன்மேல் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார்ந்திருந்தது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் தொங்கும் இரும்புப் பெட்டி அது. இன்ஜினிலிருந்து வரும் பலத்தை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பங்கு வைப்பது அதன் வேலை. எங்கள் வீட்டில் பங்கு வைக்கும் வேலை என் மாமியாரான அத்தையுடையது. அதனாலோ என்னவோ, பார்த்தவுடனே அவருக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை.

“மனுஷங்க தரையில, இரும்பு மேசையில. நல்லா இருக்கு” என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது வீட்டில் சொன்ன காரணம். ஒன்பதாம் வகுப்பில் முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன்னைப் பற்றி நான்கு வரி சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தம்பிமேல் எனக்குத் திடீரென்று பாசம் பொங்கியதை யாரும் விசாரிக்கவில்லை. பேருந்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு. வீட்டில் துணி தைக்கிறேன். அளவெடுத்தால் பேச வேண்டி வரும் என்பதால், “அளவுக்குப் பழைய சட்டை கொண்டு வரவும்” என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கணவர் ஜீப் ஓட்டுகிறார். திங்கட்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு நர்ஸையும் மருந்துப் பெட்டிகளையும் மலைமேல் இருக்கும் குடியிருப்புக்கு ஏற்றிப் போவார். மற்ற ஆறு நாளும் கிடைத்த சவாரி. ஆனால் யார் கேட்டாலும் “மலைக்கு வண்டி ஓட்டுறேன்” என்றுதான் சொல்வார். ஜீப்பில் ஏதாவது கோளாறு என்றால் அவரே கீழே படுப்பார். நான் டார்ச் பிடிப்பேன். பதினோரு வருடமாக எனக்கு அந்த உத்தியோகம். “வெளிச்சம் எங்க, என் கை எங்க?” என்ற வசனத்தைத் தினமும் கேட்டு, அது என் பெயரோ என்று நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை பாதி மலையில் லோ கியர் தானாகவே வெளியே வந்துவிட்டது. ஏற்றத்தில் இழுக்கும் கியர் அது. நர்ஸ் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து இறங்கினார். மறுநாள் சுகாதார அலுவலகத்திலிருந்து போன். வரும் திங்கள் ஆறு மணிக்கு வண்டி அலுவலக வாசலில் வந்து நிற்காவிட்டால், மலை வேலை வெள்ளை ஜீப்காரருக்குப் போய்விடும். அன்று இவர் சாப்பிடவில்லை. ஓடாத ஜீப்பை இரண்டு முறை கழுவினார்.

எதிர்ப் பட்டறைக்காரர் வியாழக்கிழமை வந்து பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். “உள்ள கை வைக்க எனக்குப் பதினஞ்சு நாள் ஆகும்பா. ஏத்தி மாட்ட மட்டும் ஞாயித்துக்கிழமை வரேன்.”

“உள்ள நானே பாத்துக்குவேன்” என்றார் இவர்.

பாத்துக்குவேன் என்ற சொல்லில்தான் சிக்கல். இவருக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு வளைவுக்கு அப்பால் வரும் லாரியின் நிறத்தைச் சொல்வார். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மட்டும் தெரியாது. கண்ணாடி என்ற பேச்சை எடுத்தால் கோபம் வரும். செய்தித்தாளைக் கை நீளுமட்டும் நீட்டிப் பிடித்து, “அச்சு சரியில்ல” என்பார். ஆகவே பெரிய போல்ட்டுகளை அவர் கழற்றினார். சின்னது எல்லாம் என் கைக்கு வந்தது. தையல் மெஷினைக் கழற்றி மாட்டிப் பழகிய கைதான் என்பதால், எனக்கும் கொஞ்சம் திமிர் வந்தது.

முதல் திமிர் சீக்கிரமே இறங்கியது. “மெதுவா இழு, ஸ்பிரிங் இருக்கு” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு இரும்புக் குண்டு பறந்து அடுப்புக்குப் பின்னால் போனது. நான் வயிற்றை எக்கிப் படுத்து, குண்டோடு இரண்டு வருடமாகத் தேடிய மூக்குத்தித் திருகையும் எடுத்து வந்தேன்.

கியரை மாற்றும் இரண்டு கம்பிகளுக்கு நடுவிலிருந்து, நக அளவில் ஒரு இரும்புத் துண்டு வந்தது. இரண்டு முனையும் உருண்டையாக இருந்தது.

“அது ரொம்ப முக்கியம்” என்றார் இவர், அது இருந்த திசையை உத்தேசமாகப் பார்த்து. “முன் சக்கரத்தைச் சேக்காம லோ கியர் விழக் கூடாது. அதைத் தடுக்கறதே அதான். அது இல்லன்னா மொத்த பலமும் பின்னாடி போய், ஏத்தத்துல ஆக்ஸில் முறிஞ்சிரும். பத்திரமா வை.”

பத்திரமாக வைத்தேன். அத்தையிடம் கிழமை போட்ட ஏழு கட்ட மாத்திரைப் பெட்டி ஒன்று உண்டு. அதைக் கெஞ்சி வாங்கி, கழற்றிய வரிசைப்படி திங்கள் முதல் சின்னச் சாமான்களைப் போட்டு வந்தேன். ரொம்ப முக்கியம் என்றதால் அந்தத் துண்டை மட்டும் தனியாக, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் வைத்தேன். உருண்டு ஓடாமல் இருக்க ஒரு பொட்டு கிரீஸ் வைத்து மூலையில் ஒட்டினேன். இவ்வளவு கவனமாக நான் எதையும் தொலைத்ததில்லை.

சனிக்கிழமை புது பேரிங் வந்தது. நடுக் கியருக்குள் ஊசி மாதிரி நாற்பத்தெட்டு உருளைகள். ஒவ்வொன்றையும் கிரீஸில் ஒட்டி வட்டமாக நிறுத்த வேண்டும். நாற்பத்தேழு வரை நிறுத்திவிட்டுக் கடைசியைக் காணோம் என்று மேசைக்கடியில் முக்கால் மணி நேரம் தவழ்ந்தேன்.

“உன் முழங்கையில என்ன மினுக்குது?” என்றார் அத்தை.

அதுதான்.

சாயங்காலம் அத்தை மாத்திரைப் பெட்டியைத் திருப்பிக் கேட்டார். “மூணு நாளா மாத்திரையைக் காகிதத்துல சுத்தி வெச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்சு ஜீப்புக்குச் சர்க்கரை வியாதி இல்ல.”

நான் அவசரமாகக் கட்டங்களைத் தட்டில் கவிழ்த்து, துடைத்த மாதிரி துடைத்துக் கொடுத்தேன். ஞாயிறு காலை கம்பிகளைச் செருகினேன், குண்டுகளைப் போட்டேன், ஸ்பிரிங்குகளை அழுத்தினேன். தட்டில் எதுவும் மிச்சமில்லை. மிச்சமில்லை என்பதையே சரியாக முடித்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு உருளையை ஆறு தரம் எண்ணியவளுக்கு ஒன்றை எண்ண வரவில்லை.

மூன்று மணிக்குப் பட்டறைக்காரர் பெட்டியை ஏற்றி மாட்டினார். இவர் தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்தார். சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

“வீட்லயே பிரிச்சு வீட்லயே பூட்டினது” என்று இவர் அவர்களிடம் சொன்னார். லிவரைப் பின்னால் இழுத்தார். “லோ எப்படி விழுது பாருங்க. வெண்ணெய்.”

பட்டறைக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன், பாதியில் நிறுத்தினேன். இத்தனை வருடமும் லோ போட இவர் இரண்டு அசைவு செய்வார். முதலில் முன் சக்கர லிவரை உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு மற்றதை ஒரு இழுப்பு. இப்போது இழுப்பு மட்டும் இருந்தது, தட்டைக் காணோம்.

புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும்போல, எட்டாம் வகுப்புக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசாமல் இருப்பதற்கு என்னிடம் இருக்கும் காரணங்களில் நன்றாக உழைத்தது அதுதான். டீ போடுகிற சாக்கில் உள்ளே போனேன்.

அத்தை மாத்திரைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மாத்திரையைக் கடித்துத் தின்பது அவர் வழக்கம்.

“டாக்டர் புதுசா எதாவது குடுத்தாரா? வழுவழுன்னு இருக்கு, கடிச்சா பல்லு கூசுது” என்று உள்ளங்கையில் துப்பிக் காட்டினார்.

அதைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஆறேழு பேர் நின்றார்கள். என் காதுக்குள் மிக்ஸி ஓடுவது போல் இருந்தது.

“ஏங்க, வண்டி நாளைக்குப் போகக் கூடாது” என்றேன்.

எல்லோரும் யார் பேசியது என்று பார்த்தார்கள். நானும் பார்த்திருப்பேன்.

இவர் துண்டைக் கையில் வாங்கி, நீட்டிப் பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்து, தடவிப் பார்த்தார். முகம் மாறியது. பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அட, இது இல்லாம எத்தனையோ வண்டி ஓடுது தங்கச்சி. ரெண்டு லிவரையும் ஞாபகமா போட்டா போதும்.”

“ஆமா, நான் ஞாபகமா போட்டுக்குவேன்” என்றார் இவர், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்க்காமல். “திங்கக்கிழமை போகட்டும். அப்புறம் பாக்கலாம்.”

“நீங்க போட மாட்டீங்க. மத்த எடத்துல சரி, மூணாவது வளைவுல அவசரத்துல எப்பவும் லோவைத்தான் முதல்ல இழுப்பீங்க. விழாது. திட்டிக்கிட்டே அப்புறம்தான் முன்னாடி லிவரைத் தட்டுவீங்க. பக்கத்துல உக்காந்து எத்தனை தரம் பாத்திருக்கேன். நாளைக்கு இழுத்தா லோ விழுந்துரும். பின்னாடி நர்ஸம்மா இருப்பாங்க.”

பள்ளியில் சொல்லாத நான்கு வரி இதுதான் போலிருக்கிறது. வரி கொஞ்சம் கூடிவிட்டது.

பட்டறைக்காரர் மோவாயைத் தேய்த்தார். “முழுசா இறக்க வேணாம். முன் ஷாஃப்டை அவுத்து, அந்த மூடியை மட்டும் எடுத்தா போதும். ஒன்றரை மணி நேரம். ஆனா இவ்ளோ சின்னதை உள்ள வைக்கணுமே, இவனுக்குத்தான்…” என்று இவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இவர் உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. பழைய போர்வையை ஜீப்புக்கடியில் விரித்துவிட்டு, டார்ச்சை எரியவிட்டுக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

நான் படுத்தேன். மூடியைப் பட்டறைக்காரர் எடுத்தார். ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியும், ஆனால் வெளிச்சம் சைலன்சரில் விழுந்துகொண்டிருந்தது. டார்ச் பிடித்த இவருக்கு அந்த ஓட்டை தெரியவே இல்லை.

“வெளிச்சம் எங்க, என் கை எங்க?” என்று கேட்டுவிட்டேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மேலே பட்டறைக்காரர் இருமினார். வெளிச்சம் மெதுவாக நகர்ந்து என் கைக்கு வந்தது. துண்டு உள்ளே போனது.

திங்கள் ஆறு மணிக்கு ஜீப் அலுவலக வாசலில் போய் நின்றது. பதினொன்றுக்கு இவர் திரும்பி வந்தார். நான்கு நாள் கழித்து மேசையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, என்னைப் பார்க்காமல் தன் அம்மாவிடம் சொன்னார்: “மூணாவது வளைவுல லோ விழல. முன்னாடி லிவரைத் தட்டினப்புறம்தான் விழுந்துச்சு.”

“எனக்குத்தான் அது ஒத்துக்கல. ஜீப்புக்காவது ஒத்துக்கிச்சே” என்றார் அத்தை.

நானும் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் நேற்று பேசியதே ஒரு வருடத்துக்குக் காணும் என்று தோன்றியது. மேசையில் எண்ணெய்க் கறை போகவில்லை, அதைத் தேய்க்கப் போனேன்.