என்னிடம் மட்டும் சொல்லாத சேதி

தண்ணீர் குடித்தபோதுதான் முதலில் தெரிந்தது. தைராய்டு அறுவை முடிந்த மறுநாள் காலை, செவிலியர் கொடுத்த டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தேன். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. இருமினேன். அந்த இருமலில் சத்தம் இல்லை. காற்று மட்டும் வந்தது.

இருமல் ஏன் அப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். பேசத் தாமதமாகும் குழந்தைகள், திக்குகிறவர்கள், பக்கவாதத்தில் சொற்களை இழந்த பெரியவர்கள் ஆகியோருடன்தான் என் வேலை. குரல் நாண்கள் (தொண்டைக்குள் ஒன்றையொன்று தொட்டுச் சத்தம் எழுப்பும் இரண்டு மடிப்புகள்) சேராவிட்டால் இருமல் இப்படித்தான் காற்றாகப் போகும்.

கட்டி புற்றுநோய் வகை, ஆனால் மெதுவாக வளர்வது, எடுத்துவிட்டால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று குரலைப் பற்றிக் கேட்டேன். அறுவை மருத்துவர் என்னைப் பார்க்காமல் கட்டில் ஓரத்தில் நின்ற என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நரம்புல கொஞ்சம் வீக்கம் இருக்கும். ஆறு மாசத்துல வந்துடும்."

"அதான் டாக்டரே சொல்லீட்டாரே" என்றார் என் கணவர்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்கள். இடது நாண் அசையவில்லை. நரம்பு வீங்கியிருந்தாலும் அப்படித்தான் தெரியும், அறுந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். டிஸ்சார்ஜ் தாள்களில் நரம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த அளவு எச்சரிக்கையாக எழுதப்பட்ட தாள்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

வீட்டுக்கு வந்தேன். நானே எனக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டேன். தலையை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு விழுங்கினால் தண்ணீர் தவறான வழியில் போகாது. இதே நிலையில் இருப்பவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்து பாருங்கள். குரல் மட்டும் ஓட்டை டியூபிலிருந்து காற்று போவதைப்போலவே இருந்தது. குழந்தைகளின் வகுப்புகளை நிறுத்தினேன். நான் சொல்லும் ஒலியைக் கேட்டுத்தான் அவர்கள் சொல்ல வேண்டும். என்னிடம் ஒலி இல்லை.

பார்க்க வந்தவர்களில் கணவரின் அக்காவும் ஒருவர். நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். திருச்செங்கோட்டிலிருந்து முறுக்கும் கையுமாக வந்தவர் என் முகவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"ஊர்ல இருக்கற வாயெல்லாம் தெறந்து உட்டவ நீயி. உன்ற வாய எவன் பூட்டுனான்?"

சிரித்தேன். அதுவும் காற்றாகத்தான் வந்தது. அவர் உடனே தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வைகளை நான் விட்டுவிடவில்லை.

அதற்கும் முன்பே இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டிருந்தது. என் கணவர் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். கம்ப்ரசர் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியவர். எங்கள் மணவாழ்க்கையில் நான் தொடங்கிய வாக்கியத்தில் பாதியை அவர்தான் முடித்திருப்பார். அறுவைக்குப் பிறகு அவர் குறுக்கே பேசவே இல்லை. நான் ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சாகப் பிரித்துப் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பார்த்தவர்கள் என்ன நல்ல மனிதர் என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. என் அறைக்கு வரும் குடும்பங்களை இத்தனை காலம் கவனித்திருக்கிறேன். தேறிவிடுவார் என்று நம்புகிறவர்கள் நோயாளியை விரட்டுவார்கள், திருத்துவார்கள், "இன்னொருக்கா சொல்லு" என்பார்கள். இனி இவ்வளவுதான் என்று யாரோ தனியாகச் சொல்லிவிட்ட குடும்பம்தான் இப்படிப் பொறுமையாகிவிடும்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "நரம்ப வெட்டீட்டாங்களா?"

"ஆரு சொன்னா?"

"நீங்கதான்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"நான் பேசி முடிக்கற வரைக்கும் சும்மா இருக்கறீங்களே."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். கட்டி நரம்போடு ஒட்டியிருந்ததாம். நரம்பை விட்டுவைத்தால் கட்டியும் கொஞ்சம் மிஞ்சும். அதனால் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். அறுவை அரங்கின் வாசலிலேயே அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"கொஞ்சம் தேறட்டுங்க, அப்பறம் சொல்லிக்கலாம்னு நாந்தான் டாக்டர்கிட்டச் சொன்னேன். அப்பறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல, சாமி. நீ தெனமும் அந்தப் பயிற்சியச் செய்யறதப் பாத்துட்டு எப்படிச் சொல்லுவேன்?"

நங்கையாவுக்குத் தெரிந்திருக்கிறது. ரிக் வண்டி டிரைவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

மருத்துவரிடம் போனேன். அவர் தடுமாறவில்லை. "உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டமே மேடம்."

"கழுத்து என்னோடதுங்க சார்" என்றேன். அதைச் சொல்ல இரண்டு மூச்சு பிடித்தது. வெட்டியது சரிதான், நானாக இருந்தாலும் சம்மதித்திருப்பேன். ஆனால் அறுந்த நரம்பு வீக்கம் வடிந்து திரும்பி வரும் என்று என்னைக் காத்திருக்க வைத்தார்கள். அந்த மாதங்களை யாரிடம் கேட்பது?

தெரிந்த பிறகு காத்திருக்க ஒன்றும் இல்லை. வேறொரு மருத்துவமனையில் தைரோபிளாஸ்டி (குரல்வளைக் குருத்தெலும்பில் சின்ன சன்னல் வெட்டி, அசையாத நாணை நடுப்பக்கம் தள்ளிவைக்கும் அறுவை) செய்துகொண்டேன். மயக்கம் கொடுக்காமல், கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நோயாளி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரலைக் கேட்டுத்தான் எவ்வளவு தள்ளுவது என்று முடிவு செய்வார்கள்.

கிழமைகளைச் சொன்னேன். திங்கள் காற்றாகப் போனது. புதனில் ஏதோ உரசியது. வெள்ளியில் சத்தம் வந்தது.

"நல்லா இருக்கே மேடம், போதும்ல?" என்றார் அந்த மருத்துவர்.

நல்லா இருக்கே என்ற சொல்லை நான் இப்போது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. "இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்றேன். தள்ளினார். ஞாயிறு முழுதாக வந்தது.

இப்போது வேலைக்குப் போகிறேன். இடது நாண் வைத்த இடத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் வலது நாண்தான் அதைத் தேடி வருகிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் எத்தனை குழந்தைகள் என்று கணக்கிட்டேன். இப்போது ஒரு மூச்சில் எத்தனை சொற்கள் என்றுதான் பார்க்கிறேன். என் குரல் ஒரு கை தூரத்துக்கு மேல் போவதில்லை. குழந்தைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

சென்ற வாரம் மேட்டூரிலிருந்து ஒருவர் வந்தார். அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, புரிந்துகொள்வது மட்டும் இருக்கிறது. சோதனைகள் முடிந்ததும் அவர் மனைவி கதவருகே போய் நின்றார்.

"மேடம், ஒரு நிமிசம் வெளிய வாங்களேன். அவருக்குத் தெரிய வேண்டாம்."

நான் எழுந்திருக்கவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்த மேட்டூர்க்காரரின் முழங்காலைத் தொடும் தூரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரையே பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். எது திரும்பும், எது திரும்பாமல் போகலாம், எது எனக்கே தெரியாது என்று. பாதியில் மூச்சு தீர்ந்துவிட்டது.

அவர் தன் மனைவியைப் பார்க்கவில்லை. வேலை செய்யும் கையின் விரலை என் பக்கம் அசைத்தார், மேலே சொல் என்று.

மூச்சை இழுத்துக்கொண்டேன்.