மியூசியத்தில் ஒரு படையல்

மியூசியத்தில் வழிகாட்டி வேலை என்பது, யாரும் கேட்காத கேள்விகளுக்கு நாள் முழுக்கப் பதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பி.ஏ. வரலாறு படித்துவிட்டு வேலைக்கு அலைந்த என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் நானும் தூத்துக்குடியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினேன். பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனி வாங்கிய நிலத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. புதர்க்காட்டை வெட்டி அங்கே முதன்முதலில் குடியேறிய குடும்பம் கட்டியது. அதை மியூசியம் ஆக்கி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேனேஜர் மட்டும் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "ஆடிக்குள்ள கூட்டம் வரணும்மா. வரலேன்னா இடிச்சிட்டு லாரி ஷெட் போட்டுடுவோம். உனக்கும் வேலை இருக்காது."

முதல் கூட்டம்

ஷிப்ட் முடிந்த பெண்கள் ஐந்தாறு பேர் யூனிபாரத்தோடு உள்ளே வந்தார்கள். விடுவேனா? அம்மி, உரல், முறம், நெற்குதிர் என்று மூச்சுவிடாமல் விளக்கித் தள்ளினேன். சுங்குவார்சத்திரத்துப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னாள்: "இத்தெல்லாம் எங்க வூட்ல இன்னும் கீதுக்கா. அங்க வந்தா டீயும் தருவோம்."

அக்கறையான பார்வையாளர்

ராமநாதபுரத்துப் பையன் ஒருவன், கம்பெனி அசெம்பிளி லைனில் டிரெய்னி, புது மனைவியோடு வந்தான். அவன் கதவைத் தட்டிப் பார்த்தான், அவள் அடுப்படியில் நின்று ஜன்னலைத் திறந்து மூடினாள். இப்படி ஒரு ஆர்வத்தை நான் கண்டதே இல்லை. முதலில் குடியேறியவர்கள் பாம்புக்குப் பயந்து முறை வைத்துத் தூங்கியது, பாறையில் கிணறு வெட்டியது என்று உணர்ச்சி பொங்கச் சொல்லி முடித்தேன். அவன் கேட்டான்: "கிணத்துத் தண்ணி உப்பாக்கா? வாடகை பேச ஓனர் எப்ப வருவாக?"

வந்தார் ஓனர்

ஆனியில் நிஜமாகவே வந்துவிட்டார். வீட்டை விற்ற குடும்பத்து அம்மா; அவர் மகளுக்குக் கல்யாணம். அவர்கள் வம்சத்தில் சுமங்கலியாக இறந்து வீட்டுத் தெய்வமானவள் பூவாடைக்காரி. கல்யாணத்துக்கு முன் அவளுக்குப் புடவை வைத்துப் படைக்க வேண்டுமாம், அதுவும் அந்த வீட்டு மூலையிலேயே. உள்ளே விளக்குக்கூட ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. மீறினால் என் வேலை போய்விடும். வித்துட்டீங்களேம்மா என்று இழுத்தேன். அந்த அம்மா அமைதியாகச் சொன்னார்: "வூட்டத்தான் வித்தோம். பூவாடைக்காரிய விக்கலியே."

கதவைத் திறந்துவிட்டேன்.

மேனேஜர் வந்தார்

சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று வாசலில் ஏகப்பட்ட செருப்பு. உள்ளே சாம்பிராணிப் புகை, வடை வாசனை, குழந்தைகள் கூச்சல். வீடு அமர்க்களப்பட்டது, எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, ஷெட்டுக்கு இடம் அளக்க டேப்போடு மேனேஜர் வந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்: "யாருப்பா நீ? செருப்ப அங்க வுட்டுட்டு வா. வந்துகினே இருக்காங்க பாரு, சட்டுனு இலையில குந்து."

குந்தினார். இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டபடி என்னிடம் சொன்னார்: "கூட்டம் வந்துடுச்சும்மா, ஷெட்ட வேற இடத்துல போட்டுக்கலாம். ஆனா இத மியூசியம்னு ஹெட் ஆபீஸ்ல எப்படிச் சொல்றது?"

வீடும் தப்பியது, என் வேலையும் தப்பியது, ஆனால் அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை கம்பெனியில் ஒருவர்கூட என்னிடம் வரலாறு கேட்கவில்லை, அடுத்த படையல் எப்போது என்றுதான் கேட்டார்கள்.