தேசம்மா கழுவிய முட்டைகள்

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே உள்ள குப்பத்தில் தேசம்மாவைத் தெரியாதவர் கிடையாது. மயிலாப்பூரில் இருபது வருஷம் மீன் விற்றவள். அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் இருந்ததாகத் தகவல் இல்லை. தை, மாசியில் மீன்கூடைக்கு அடியில் ஆமை முட்டையும் இருக்கும். மூலத்துக்கு நல்லது என்று பெரிய வீட்டுச் சமையற்காரர்கள்கூடக் காதும் காதும் வைத்தாற்போல் வாங்கிப் போவார்கள்.

1930 தையில், கரை நெடுக நடந்தும் அவளுக்கு ஒரே ஒரு குழிதான் அகப்பட்டது. முன்பெல்லாம் கால் வைத்த இடமெல்லாம் குழி. முட்டை எடுக்கக் குனிந்தவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தின்று தீர்த்தது நரியும் நாயும் மட்டுமா? பாதியை நான்தானே அள்ளிப் போனேன் என்று தோன்றியது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். மறுநாள் பார்த்தால் நரி தோண்டித் தின்றிருந்தது. சும்மா விட்டால் போதாது, காக்க ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காவல் என்றால் குஞ்சு பொரியும்வரை, ஐம்பது நாள். அத்தனை நாள் வியாபாரத்துக்குப் போகாவிட்டால் அடுப்பில் பூனைதான் தூங்கும். குப்பத்துத் தலைவரான நாட்டார் கங்காதரனிடம் போய், கோயிலுக்கு ஒதுக்குவதுபோல ஆமைக்கும் ஒரு பங்கு, காவல் கூலியாகக் கட்டுமரத்துக்கு ஒரு மீன், ஒதுக்கச் சொன்னாள். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிடித்த பிடியை விடுகிறவளா அவள்? கடைசியில் நாட்டார், ஒரு வருஷம் கொடுத்துப் பார்ப்போம், குஞ்சு கடலில் இறங்கினால் மேற்கொண்டு பேசலாம் என்றார்.

அடுத்த தையில் மூன்று குழி கண்டாள். அள்ளி வந்து குடிசை ஓரமாகவே புதைத்து, மேலே முள்ளும் பழைய வலையும் போட்டாள். புதைக்குமுன் ஒரு காரியம் செய்தாள். மீன்காரி அல்லவா, கையில் எது வந்தாலும் மண் போக அலசாமல் இருக்க முடியுமா? முன்னூறு முட்டைகளையும் தேய்த்துக் கழுவி, உருட்டி உருட்டித் துடைத்து அடுக்கினாள். அறுபது நாள் ஆயிற்று. தோண்டினால் எல்லாம் அழுகி நாறின. அதே வாரம், நரிக்கும் அவள் கண்ணுக்கும் தப்பிய ஒரு குழியிலிருந்து குஞ்சுகள் கடலுக்கு ஊர்ந்த தடம் கிடந்தது. யாரும் தொடாத, கழுவாத முட்டைகள். தேசம்மா அந்த மணலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்தத் தடத்தைக் காட்டி, என் குஞ்சுகள்தான் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? பங்கும் நின்றிருக்காது. அவள் ஊர் கூடிய இடத்துக்குப் போய் நின்றாள்.

"நாந்தான் கொன்னேன், நாட்டாரே. மீனு மாரி கயுவிட்டேன்."

பங்கு நின்றது. மறு தையில் அவள் முட்டைகளைத் தொடவில்லை. கிடந்த இடத்திலேயே முள் போட்டு, காக்கையையும் நாயையும் விரட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். காதுக் கம்மல் அடகுக்குப் போனது. ஐம்பத்திரண்டாம் நாள் விடியும்போது, கட்டுமரம் தள்ள வந்தவர்களின் காலடியில் குஞ்சுகள் பொலபொலவென்று கிளம்பின. தூக்கிய காலை வைக்க இடமில்லாமல் நின்றார் நாட்டார். எல்லாம் அலையில் இறங்கிய பிறகு, பங்கு இனி உண்டு என்றவர், எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டார்.

"ஆமை வர்ற வரிக்கும். நான் பூட்டாலும் குட்துகினு இருங்க."

1937 மாசியில் தேசம்மா செத்துப்போனாள். கரையில் அப்போது ஐந்து குழிகள் இருந்தன. ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. மீனில்லாத நாளில் பங்கு ஏது? சுடுகாட்டிலிருந்து ஈரவேட்டியோடு திரும்பிய நாட்டார் வீட்டுக்குப் போகவில்லை. நேரே போய், காக்கையை விரட்டிக்கொண்டு அந்தக் குழிகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.