மூன்று தலையணைகளும் நான் சொன்ன பொய்யும்

எடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் என் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள். குறைத்துத்தான் போட்டிருப்பீர்கள். போன வருஷத் தொடக்கத்தில் நூற்று இருபத்து நான்கு கிலோ. வயது நாற்பத்து மூன்று. பதினோரு வருஷமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின், இரண்டு முழங்காலிலும் வலி. வேலை, பொத்தேரியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது.

போன வருஷம் பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம், நாலாவது மாடியிலிருந்து கூச்சல் கேட்டது. ஒரு பெண் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். நான் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை, ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மேலேயிருந்து நாலு பிள்ளைகள் அவளைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். வழியை அடைத்துக்கொண்டு நான். "மேம், கொஞ்சம் நகருங்க, ப்ளீஸ்" என்றாள் ஒருத்தி. மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. என் காலைத் தாண்டித் தாண்டி அவளைக் கொண்டுபோனார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. மெலிய வேண்டும் என்று காலையில் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். நான்தான் அந்தப் படியிலேயே கிடந்தேன். என் அண்ணன் இதே உடம்போடு, இதே சர்க்கரையோடு, நாற்பத்தாறு வயதில் தூக்கத்திலேயே போனவர். எனக்கு இன்னும் மூன்று வருஷம் என்று அங்கே உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணினேன். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அழுகை வந்தது. "ஆண்டவரே, இந்தப் படியில என்னை விட்டுடாதீங்க" என்றேன். அதற்கு மேல் ஜெபிக்க மூச்சு இல்லை.

அன்றிலிருந்து இரண்டாவது மாடித் திருப்பம்தான் என் ஜெப அறை. எப்படியும் அங்கே நிற்கத்தான் வேண்டும். நிற்கிற நேரத்தில் ஜெபித்தேன்.

அதுவரை ஜெபிக்காமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபத்தொரு நாள் உபவாசம் இரண்டு தடவை இருந்தவள் நான். ஆறு கிலோ இறங்கியது, எட்டு கிலோ ஏறியது. இன்சுலினைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து ஒரு நாள் ஆராதனையிலேயே வியர்த்துச் சரிந்தேன், நினைவிருக்கும். அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்தவர்களும் உண்டு. நடைப்பயிற்சி, கொள்ளு, கஞ்சி, எல்லாம் பார்த்தாயிற்று. வாரம் ஒரு ஊசியும் போட்டேன், வாந்தி தாங்காமல் நிறுத்தினேன். "வாயைக் கட்டு" என்று எனக்குச் சொன்னவர்களை வரிசையில் நிறுத்தினால் தாம்பரம் ஸ்டேஷனில் ஆரம்பித்து அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வரை நிற்பார்கள்.

இந்த இடத்தில் சாந்தி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துகிறவர். அண்ணன் இறந்தபோது ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குச் சோறு பொங்கிக் கொண்டுவந்தவர். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு வியாதிக்காக ஜெபித்துவிட்டால், அது இருக்கிறது என்று அதற்குப் பிறகு வாயால் சொல்லக் கூடாது. எனக்கு நெஞ்செரிச்சலுக்காகத் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "இனிமே யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லு எஸ்தர். இருக்குன்னு சொன்னா திரும்ப வந்துடும்" என்றார். அன்று முதல் நான் யாரிடமும் சொல்லவில்லை. ரோஸ் கலர் மருந்துப் பாட்டிலைக் கைப்பைக்குள் துணியில் சுற்றி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் என் கணவர் தேவராஜும் நானும் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை குறைக்கிற ஆபரேஷன் செய்கிற டாக்டர். நிதானமான மனுஷர். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வயிறு வரைந்தார்.

முதல் வயிற்றுக்குள் ஒரு பலூன். வெட்டு இல்லை, தையல் இல்லை. ஆனால் சில மாதத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகு எடை திரும்ப ஏற வாய்ப்பு அதிகம். என் எடைக்கு அது போதாது என்றார். இரண்டாவது ஸ்லீவ். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்குக் குழாய் மாதிரி விடுவது. வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. ஆபரேஷன் கொஞ்சம் சுருக்கம், சத்துக் குறைவு கொஞ்சம் கம்மி. மூன்றாவது பைபாஸ். வயிற்றைச் சின்னப் பையாக்கி, நேரே சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளி இணைப்பது. பெருங்களத்தூரில் ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் ஏறிப் போகிற மாதிரி சாப்பாடு சுற்றிப் போய்விடும். சர்க்கரை நன்றாக இறங்கும். ஆனால் ஆயுசு முழுக்க இரும்பு, கால்சியம், பி12 மாத்திரை. இஷ்டத்துக்கு வலி மாத்திரை போட்டால் புண் வரும். இனிப்பு சாப்பிட்டால் படபடக்கும். பின்னாளில் குடல் முறுக்கிக்கொள்ளவும் கூடும்.

தேவராஜ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உயிருக்கு ஆபத்து இருக்கா சார்?"

"இருக்கு. தையல் கசியலாம், காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். அடிக்கடி நடக்காது. நடக்காதுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் பண்ணாம இப்படியே இருக்கறதுலயும் ஆபத்து இருக்கு, அதையும் அதே தராசுல வெச்சுப் பாருங்க" என்றார்.

பிறகு என்னிடம் வரிசையாகக் கேள்விகள். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உண்டா என்று கேட்டார். சட்டென்று, "இல்ல டாக்டர்" என்றேன். கைப்பை மடியில் இருந்தது. பாட்டில் உள்ளே இருந்தது. பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. விசுவாசத்தில் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். இதைவிட மோசமான பொய் எனக்குத் தெரியாது.

அப்படியானால் ஸ்லீவ் பொருந்தலாம், மற்ற பரிசோதனைகளையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். எனக்கும் ஸ்லீவ்தான் பிடித்திருந்தது. குடலை மாற்றி இணைப்பது என்றால் பயம். அந்த வாரம் முழுவதும் படித்திருப்பத்தில் நின்று ஒரே ஜெபம். "ஆண்டவரே, இது வேண்டாம்னா தடுத்துடுங்க. எனக்குப் புரியற மாதிரி தடுங்க."

அடுத்த வாரம் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். என் ஹாஸ்டல் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், சின்னப் பெண். என்ன சாப்பிடுவீங்க, எத்தனை மணிக்குத் தூங்குவீங்க என்று எழுதிக்கொண்டே வந்தவள், "எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பீங்க ஆன்ட்டி?" என்றாள்.

தலையணையைப் பற்றிச் சாந்தி அக்கா சட்டம் எதுவும் போடவில்லை. "மூணு" என்றேன்.

"ஏன் மூணு?"

பக்கத்தில் இருந்த தேவராஜ் சொல்லிவிட்டார். "தாழ்வா படுத்தா தொண்டை வரைக்கும் புளிச்சுகினு வரும்மா இவளுக்கு. எழுந்து உக்காந்து இருமிக்கினே இருப்பா."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் ஃபைலைப் பார்த்தாள். "ஆன்ட்டி, டாக்டர்கிட்ட இல்லன்னு சொல்லியிருக்கீங்களே" என்றாள். திட்டவில்லை. எனக்குத்தான் உச்சந்தலையிலிருந்து சூடாக இறங்கியது. ஒரு வாரமாக நான் கேட்ட தடை என் எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது. கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து அவள் மேசைமேல் வைத்தேன்.

எண்டோஸ்கோபி எடுத்தார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதி அமிலத்தில் வெந்து புண்ணாகிக் கிடந்தது. வயிற்றின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியும் இருந்தது. "ஸ்லீவ் பண்ணியிருந்தா இது இன்னும் மோசமாகியிருக்கலாம். திரும்ப ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கலாம். உங்களுக்கு பைபாஸ்தான் சரி" என்றார் டாக்டர். நான் பயந்த அதே பைபாஸ். கேட்டது கிடைத்துவிட்டது, இனி பயம் என்று சொல்லிப் பின்வாங்க எனக்கு வழியில்லை.

சாந்தி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். "கத்திகிட்ட போறது விசுவாசக் குறைச்சல், எஸ்தர்" என்றார்.

"நீங்க கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கினப்ப நான்தான் அக்கா உங்களுக்கு சொட்டு மருந்து விட்டேன். அப்ப விசுவாசம் எங்க போயிருந்துச்சு?"

"அது கண்ணு."

"இது வயிறு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபம்தான். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று தோன்றியது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் தோன்றவில்லை.

ஜூனில் ஆபரேஷன். தேவராஜ் தியேட்டர் வாசல்வரை என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "எதுனா ஆயிடுச்சுன்னா நானும் பொண்ணும் இன்னா பண்றது?" என்று அப்போதுதான் கேட்டார், அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த மனுஷர். அவர் கையைப் பிடித்து ஜெபித்தேன். ஆபத்து வராது என்று ஜெபிக்கவில்லை. வந்தாலும் எங்களோடு இருங்கள் என்று ஜெபித்தேன். கர்த்தர் இருந்தார். கசிவு இல்லை, ரத்தக் கட்டு இல்லை. அன்று சாயங்காலமே நர்ஸ் பிடித்துக்கொள்ள எழுந்து நடந்தேன்.

அதன்பின் எல்லாம் தேனும் பாலும் என்று எழுதமாட்டேன். இரண்டு வாரம் தண்ணீரும் கஞ்சித் தெளிவும்தான். இட்லியை மெல்லாமல் விழுங்கி மூன்று தடவை உயிர் போய் வந்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டு நாலு ஸ்பூன் கேசரி தின்றுவிட்டு, படபடவென்று அடித்துக்கொள்ள, மண்டபத்து மூலையில் அரைமணி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மாத்திரை டப்பா கைப்பையில் இருக்கிறது, கடைசிவரை இருக்கும். இப்போது அதைத் துணியில் சுற்றுவதில்லை. இன்றைக்கு என் எடை எண்பத்து மூன்று. இன்சுலின் நின்றுவிட்டது. ஒரே தலையணை. நாலு மாடியும் ஒரே மூச்சில் ஏறுகிறேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் நின்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

ஜனவரியில் உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போகுமுன் ஒரு சகோதரி காதோரம் வந்து, "ஆபரேஷனை மட்டும் விட்டுடுங்க சிஸ்டர், கர்த்தர் குறைச்சார்னு சொன்னா போதும்" என்றார். நான் எழுந்து நின்று மூன்று வயிற்றையும், பாட்டிலையும், பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் பதினொன்றரைக்கு என் போன் அலாரம் அடித்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வேளை தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டிபன் டப்பாவைத் திறந்து அவித்த முட்டையின் வெள்ளையைச் சாப்பிட்டேன். உபவாசத்தில் இருந்த நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக மென்று சாப்பிட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். சாந்தி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

இதை வாசிக்கிற பிரியமானவர்களே, நான் எல்லோரையும் ஆபரேஷனுக்குப் போகச் சொல்லவில்லை. எனக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஜெபியுங்கள், என் ஆண்டவர் கேட்கிறவர். ஆனால் டாக்டர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். நம்முடைய பொய் ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஆண்டவர் பலவீனமானவர் இல்லை.

இன்னும் ஒன்று மட்டும். போன மாதம் சாந்தி அக்கா பொத்தேரிக்கே வந்தார். அறைக்கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். உள்ளங்காலில் சர்க்கரைப் புண். நாலு மாதமாக இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, ஜெபித்தாயிற்றே.

காலைத் திரும்பக் கட்டிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பேனாவை எடுத்து, "கால்ல புண் ஏதாவது இருக்காம்மா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும் என்பதால் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

"இருக்கு" என்றார் அக்கா. "ரொம்ப நாளா இருக்கு."

ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.