சொட்டைத் திறந்துவிட்ட சுந்தரலிங்கம்

ஓடைப்பட்டியில் சுந்தரலிங்கத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய அவசரத்தைத் தெரியாதவர்கள் இல்லை. சின்னமனூருக்கு ஏழு மணிக்குப் பேருந்து என்றால் ஆறு மணிக்கே நிறுத்தத்தில் இருப்பார். அங்கே நிற்கவும் பொறுக்காமல், பேருந்து வரும் திசையில் அரைக் கிலோமீட்டர் நடந்துபோய் எதிர்கொண்டு ஏறுவார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் முதல் இலை அவருடையது. ரசம் கொதிக்கும் முன்பே சாப்பிட்டு எழுந்துவிடுவதால், பல வீடுகளில் ரசம் வைத்தார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. தன் கழுத்தில் தாலி ஏறியதும் கெட்டிமேளத்துக்கு முன்னால்தான் என்று அவருடைய மனைவி மலையம்மாள் இன்றைக்கும் சொல்வார். மேளக்காரர் குச்சியை எடுப்பதற்குள் இவர் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டாராம்.

தொழில் திராட்சை. ஒன்றரை ஏக்கர் பந்தல். கொடியை வெட்டிக் கவாத்து செய்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, பழத்தில் இனிப்பு ஏற இன்னும் பத்து நாள் இருக்கும்போதே கத்தரியோடு போய் நிற்பார். வியாபாரி ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டுப் புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். அந்த மூடிய கண்ணுக்குப் பந்தல் பக்கம் தனிப் புகழ் உண்டு. சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தந்தவர், வால்வைக் கால் திருப்பு திறந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய வண்டி முக்குத் திரும்பும் முன் இவர் முழுதாகத் திறந்துவிட்டார். சொட்டுச் சொட்டாகக் குடித்தால் கொடி என்றைக்குக் காய்க்கும் என்பது அவருடைய கேள்வி.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் அபிதா. அவர் வாழ்க்கையில் காத்திருந்து பெற்றது அந்த ஒன்று மட்டும்தான். அதனாலோ என்னவோ, மகள் என்றால் அவருக்கு உயிர் தொண்டையில் நிற்கும்.

அபிதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது, டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி சித்திரை ஏழில் விழுந்தது. சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு ஆகாது என்றொரு பேச்சு இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. வளைகாப்பன்று கெங்குவார்பட்டியிலிருந்து வந்த சம்பந்தியம்மாள் மொக்கம்மாள், வளையலை மாட்டிக்கொண்டே, பங்குனியிலேயே பிறந்துவிட்டால் நல்லதுதான் என்று போகிற போக்கில் சொன்னார். சொன்னவர் அதை மறந்துவிட்டுக் கேசரி சாப்பிடப் போய்விட்டார். சுந்தரலிங்கம் மறக்கவில்லை. என் மகள் போய் வாழும் வீட்டில் அவளை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

சின்னமனூரில் அபிதாவைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் போய், பங்குனிக்குள் வலி வருவதற்கு மருந்து ஏற்ற முடியுமா என்று கேட்டார். தாய்க்கோ பிள்ளைக்கோ தேவை வந்தால் ஏற்றுவேன், காலண்டருக்கு ஏற்றமாட்டேன் என்று சொல்லி அவர் அனுப்பிவிட்டார்.

தேவை வந்தது. பங்குனி இருபத்தொன்பதாம் தேதி பரிசோதனைக்குப் போனபோது அபிதாவுக்குக் கால் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இனி நாள் கடத்துவது நல்லதில்லை, வலியை வரவைத்துவிடலாம் என்று டாக்டரம்மாவே சொன்னார். சுந்தரலிங்கம் முகத்தில் வந்த வெளிச்சத்தை மலையம்மாள் முறைத்து அணைத்தார்.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. முதலில் கர்ப்பப்பை வாய் இளக ஜெல் வைப்போம், மறுநாள் ட்ரிப்ஸில் மருந்து ஏற்றுவோம், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்றார். தானாக வரும் வலியைவிட இது கடுமையாக இருக்கலாம். மருந்து மிஞ்சினால் கர்ப்பப்பை தளராமல் இறுகிப்போகும், பிள்ளையின் துடிப்பு குறையும், அபூர்வமாகக் கர்ப்பப்பை கிழியவும் கூடும். ஒத்துவராவிட்டால் ஆபரேஷன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அபிதா தன் கையாலேயே கையெழுத்துப் போட்டாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவள் கணவன் முத்துராஜா, லீவு கிடைத்ததும் தாயையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வருவதாகச் சொன்னான். இவ்வளவும் பேசி முடிக்கும்போது சுந்தரலிங்கம் அங்கே இல்லை. முதல் ஆளாகப் போய் அறையில் படுக்கையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பங்குனியின் கடைசி நாள். காலையில் நர்ஸ் எப்சிபா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை நகர்த்தி, நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு என்று வைத்தார். அரை மணிக்கு ஒருமுறை வலியையும் பிள்ளையின் துடிப்பையும் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். அபிதாவுக்கு வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. வெளியே சுந்தரலிங்கம், ஆச்சா, ஆச்சா என்று கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார். துடைப்பத்தோடு வந்தவரிடமும் கேட்டார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மலையம்மாள் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வர வெளியே வந்தார். ஐந்து நிமிடம் மகள் பக்கத்தில் நிற்கட்டும் என்று எப்சிபா சுந்தரலிங்கத்தை உள்ளே விட்டார். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடவே, இதோ வருகிறேன் என்று எப்சிபா நகர்ந்தார்.

அபிதா கண்ணை மூடிக் கிடந்தாள். சுந்தரலிங்கம் மேலே பார்த்தார். சொட்டு. ஒரு மூச்சு. மறுபடி சொட்டு. சுவரில் கடிகாரம். விடிந்தால் சித்திரை. அவர் மருந்தை நினைக்கவில்லை, காலண்டருக்கு ஏற்றமாட்டேன் என்று டாக்டரம்மா சொன்னதையும் நினைக்கவில்லை. ஓடைப்பட்டிக்காரனுக்கு அந்தக் குழாயும் அந்தச் சக்கரமும் பந்தல் குழாயும் வால்வும் தவிர வேறொன்றாகத் தெரியவில்லை. கை தானாகப் போயிற்று. சக்கரத்தை மேலே தள்ளினார். சொட்டுகள் ஒன்றையொன்று துரத்தின. திருப்தியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சில நிமிடங்களில் வலி வந்தது. நல்லது என்று நினைத்தார். அது போகும் முன்பே அடுத்தது வந்தது. அதற்குமேல் இடைவெளியே இல்லை. அபிதாவின் நகங்கள் அவர் மணிக்கட்டில் பதிந்தன.

"அப்பா, விட மாட்டேங்குதுப்பா" என்றாள்.

எப்சிபா ஓடிவந்தார். வயிற்றைத் தொட்டார், கல்லாக இருந்தது. துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தார். காலையிலிருந்து ஓடும் குதிரைபோல் கேட்ட அந்தச் சத்தம், இப்போது களைத்தவன் மாடிப்படி ஏறுவதுபோல் நின்று நின்று வந்தது. உலகத்தில் எல்லாமே மெதுவாக நடக்கிறது என்று ஐம்பத்தெட்டு வருடம் குறை சொன்ன மனிதர், அந்த மெதுவைக் கேட்டு நடுங்கிப்போனார்.

எப்சிபா சக்கரத்தை மூடி, அபிதாவை இடப்பக்கமாகத் திருப்பி, முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார். உள்ளே வந்த டாக்டரம்மா, ஆபரேஷன் அறையைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு, எத்தனை சொட்டு வைத்தாய் என்று எப்சிபாவிடம் கேட்டார். எப்சிபா சொன்னார். மளமளவென்று குறைந்திருந்த பாட்டில் அவர் சொல்வதைப் பொய்யாக்கியது. எப்சிபா பாட்டிலையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுந்தரலிங்கம் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. சக்கரம் தானாக வழுக்கியது என்று போயிருக்கும்.

"சிஸ்டர் ஒண்ணும் செய்யலம்மா. நான்தான் திறந்துவிட்டேன்" என்றார். "பந்தல் தண்ணி மாதிரி நினைச்சுட்டேன். எம்பிள்ளையக் காப்பாத்துங்க தாயி."

டாக்டரம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் கர்ப்பப்பையைத் தளர்த்தும் ஊசியை உடனே போடச் சொன்னார். ஐந்து நிமிடம் பார்ப்போம், துடிப்பு ஏறாவிட்டால் கத்திதான் என்றார். சுந்தரலிங்கத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இட்லிப் பொட்டலத்தோடு எதிரே வந்த மலையம்மாளிடம் அவரே சொன்னார். மலையம்மாள் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு, அவரை விட்டுத் தள்ளிக் கதவருகே போய் நின்றார். அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

ஐந்து நிமிடம். ஒன்பது வருடக் காத்திருப்பைவிட அது நீளமாக இருந்தது.

கதவு திறந்தபோது உள்ளேயிருந்து அந்தக் குதிரைச் சத்தம் கேட்டது. அவர் சுவரில் முகத்தை வைத்து அழுதார்.

வெளியே வந்த டாக்டரம்மா, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில்தான் பிள்ளைக்கு ரத்தம் போகும், அந்த இடைவெளியைத்தான் நீங்கள் அடைத்தீர்கள் என்றார். கர்ப்பப்பை இளைப்பாறட்டும், சாயங்காலம் நிலைமை பார்த்து முதலிலிருந்து மெதுவாக ஆரம்பிப்போம், விடிந்துதான் பிறக்கும் என்றார். பங்குனியில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளையைச் சித்திரைக்குத் தள்ளியவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை.

"எப்ப வேணாலும் வரட்டும்மா" என்றார் சுந்தரலிங்கம். அதன்பின் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவர், ஆச்சா என்று ஒருவரையும் கேட்கவில்லை. துடைப்பக்காரம்மாவே இரண்டு தரம் வந்து, ஐயாவுக்கு உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தார்.

வருடப் பிறப்பன்று காலை எட்டேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. விடியும்போதே முத்துராஜாவோடு வந்துசேர்ந்த மொக்கம்மாள் கையில் தூக்குவாளி இருந்தது. சுந்தரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, சித்திரையாகிவிட்டது என்றார்.

"அதுக்கென்னண்ணே" என்றார் மொக்கம்மாள். "இனிமே வருசப் பொறப்புக்கும் பேத்தி பொறந்தநாளுக்கும் ஒரே பாயசமாப் போச்சு. எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம்." அவர் வளைகாப்பன்று சொன்னது அவருக்கே நினைவில்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்கப் போனார் சுந்தரலிங்கம். பாதிதான் சொல்லியிருப்பார். அபிதா சோர்ந்த முகத்தோடு சிரித்தாள்.

"நீங்க தள்ளுனது தெரியாதுப்பா. ஆனா வலி அப்படி வரிசை கட்டி வந்ததும், இது நம்ம அப்பா வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே பாப்பாவுக்குச் சங்குல பால் குடுக்குறப்ப பக்கத்துல வராதீக."

அந்தக் கட்டளை இன்னும் அமலில் இருக்கிறது. வீட்டில் மின்விசிறியைக் கூட்டவும் அவருக்கு அனுமதி இல்லை, மலையம்மாள்தான் திருப்புவார். ஆஸ்பத்திரியிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வலிக்கு மருந்து ஏற்றும்போது, சொட்டை எண்ணி வைத்துவிட்டுச் சக்கரத்தின் மேல் எப்சிபா ஒரு துண்டு பிளாஸ்திரி சுற்றுவார். கூட்ட வேண்டியபோது அவரே பிரித்து, அவரே மறுபடி சுற்றுவார். புதிதாக வரும் நர்ஸ்கள் ஏன் என்று கேட்டால், அதற்குப் பெயர் ஓடைப்பட்டிப் பிளாஸ்திரி என்பார்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். சுந்தரலிங்கம் எட்டு மணிக்கே வந்துவிட்டார். ஆனால் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பத்தாகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.