பங்கு வேண்டுமென்றால் கரையில் குடியிருக்க வேண்டும்

இந்த நள்ளிரவில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மகளுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நம் அக்கா தங்கைகளின் சுற்றுமடலுக்குப் பயணக் கட்டுரை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான். விடிந்தால் தபாலில் போட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை நானும் கைக்குழந்தை மகளும், நாங்கள் இருக்கும் பீல் நகரிலிருந்து ஏரிக்கரைக்குப் போனோம். சுற்றிப் பார்க்க என்று சொன்னால் பாதிதான் உண்மை. என் கணவர் அன்ரன் ஊரில், பேசாலைக் கடலில் தகப்பனின் படகில் வளர்ந்தவர். இங்கே ஓர் உணவகச் சமையலறையில் வேலை. வசந்தத்திலிருந்து லீவு நாட்களில் ஹான்ஸ் என்ற மீனவரோடு ஏரிக்குப் போய் வருகிறார். இந்த ஏரியில் யார் எத்தனை வலை போடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஹான்ஸின் ஊரில் ஒருவர் தொழிலை விட்டதும், அவருக்குரிய வலைகள் முழுவதையும் தனக்கே தரும்படி வெளியூர்ப் பெரிய படகுக்காரர் ஒருவர் கேட்டாராம். ஊரிலுள்ள மூன்று படகுக்காரரும் விடவில்லை. தங்களுக்குள் பிரித்துக்கொள்வதென்று முடிவெடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: பாகம் எடுப்பவர் தன் படகில் ஓர் ஆளைக் கூலிக்கு அல்ல, பிடிபடும் மீனில் பங்குக்கு வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் அதே ஊரில் குடியிருக்கவும் வேண்டும்.

அந்த மூவரில் ஒருவரான ஹான்ஸ் கேட்டிருப்பது அன்ரனை. மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஓம் என்றால் பீலை விட்டுக் குடிபெயர வேண்டும். நான் அந்த ஊரை ஒருமுறையாவது பார்க்காமல் எப்படி ஓம் சொல்வது?

பீலில் காலை ஏழரை மணிக்கு முன் ரயில் எடுங்கள். அந்த ஊருக்குக் கிட்டிய நிலையமான ட்வானுக்குப் பத்து நிமிடம்தான். இடது பக்கம் இருங்கள், ஏரி முழுக்க அந்தப் பக்கம். வலது பக்கம் திராட்சைத் தோட்டங்கள் தண்டவாளத்தை இடிக்கிற மாதிரி நிற்கின்றன. இறங்கியபின் கரையோரம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடை. பிள்ளை வண்டி உருளும், ஆனால் ஓரிடத்தில் படி உண்டு, தூக்க ஆள் வேண்டும். அன்ரன் முதல் நாளே போய்விட்டதால் எனக்கு ஆள் இல்லை. நீருக்கும் பாதைக்கும் நடுவில் வேலி கிடையாது. மகளை வண்டியில் இரண்டு தரம் வார் போட்டுக் கட்டினேன்.

நான் போய்ச் சேரவும் ஹான்ஸின் படகு வரவும் சரியாக இருந்தது. படகைக் கரைக்கு இழுத்துவிட ஹான்ஸும் அன்ரனும் கயிற்றை வீசினார்கள். தபால்காரர் ஒருவரும் நாயோடு நடக்க வந்த ஒரு பெண்ணும் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். படகு கரை ஏறியதும் அன்ரன் பெட்டியிலிருந்து கொழுத்த மீன் இரண்டை எடுத்து ஆளுக்கொன்று கையில் வைத்துவிட்டார்.

"நில்லு! அது இன்னும் நிறுக்கேல்லை!" என்று ஹான்ஸ் டொச்சில், ஜெர்மன் மொழியில், கத்தினார்.

எல்லோரும் ஹான்ஸையே பார்த்தோம். நாய் மட்டும் மீனையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இஞ்சருங்கோ, என்ன செய்தனீங்கள்?" என்று அன்ரனிடம் கேட்டேன்.

"கயிறு பிடிச்ச ஆக்களுக்குக் கறிக்கு மீன் குடுக்கிறதுதானே. வெறுங்கையோட அனுப்பினா நாளைக்கு ஆர் வருவினம்? அவருக்குச் சொல்லும்."

பேசாலையில் அது பொதுவிலிருந்து, அதாவது பங்கு பிரிக்காத மொத்த மீனிலிருந்து, போவது. அதன் பிறகுதான் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பிரிப்பார்களாம். நான் மொழிபெயர்த்தேன். ஹான்ஸ் கோபப்படவில்லை, தலையைச் சொறிந்தார்.

"இங்க பொது எண்டா மூண்டு படகுக்கும் ஒரே கணக்கு. எழுதாமல் போற மீன் மற்ற ரெண்டு படகின்ர மீன். நாளைக்கு அவையள் என்னை நம்பாட்டி, இந்த ஏற்பாடே முடிஞ்சுது."

"அப்ப என்ர பங்கில எழுதச் சொல்லும்" என்றார் அன்ரன்.

இதைச் சொன்னதும் ஹான்ஸ் பெரிதாகச் சிரித்தார். "உனக்கு எங்க பங்கு? உன்ர மனிசி இன்னும் பதில் சொல்லேல்லையே!"

நால்வரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஹான்ஸ் இரண்டு மீனையும் நிறுத்துத் தன் பெயரில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். "பைக்குள்ள வைக்காதையும், ஊர்க் கடிதமெல்லாம் மணக்கும்" என்று தபால்காரரைச் சீண்டவும் செய்தார்.

நாய்க்காரப் பெண் என் பக்கம் வந்தார். "பேக்கரிக்கு மேல காலியா இருக்கிற வீட்டுக்கு வரப்போறது நீங்கள்தானே?" எனக்கு முன்னமே ஊர் முடிவெடுத்துவிட்டது போலிருக்கிறது. குளிர்காலம் எப்படி என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "நவம்பரில மூடுபனி. கிழமைக்கணக்கா வெயில் இல்லை, ஆக்களும் வெளியில வராயினம். நான் வந்த முதல் வருசம் நாயோடதான் கதைச்சனான்."

திரும்பும் ரயிலில் அன்ரன் மகளை வாங்கிக்கொண்டார். மகள் அவர் மடியில், மீன் மணக்கும் சட்டையில் முகம் புதைத்துத் தூங்கினாள். நான் யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்தவள்; அந்த நிபந்தனை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. வலைகள் ஒருவரிடம் சேர்ந்தால் அவர் பீலிலிருந்து கூலியாட்களை ஏற்றி இறக்குவார், கரையில் பேக்கரியும் பள்ளிக்கூடமும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படும். மீன் பிடிப்பவன் பிள்ளையோடு அங்கேயே வாழட்டும் என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் ஏரியில் நிற்கப்போவது அவர். பேக்கரிக்கு மேல் பகல் முழுக்க இருக்கப்போவது நான். இங்கே பீலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மேல்மாடி அக்கா வருவா, மாதத்தில் ஒரு தமிழ்ப் பூசை உண்டு. மீன் படாத வாரம் பங்கும் இல்லை. சமையலறைச் சம்பளம் மழையோ பனியோ வரும். ஆனாலும் "என்ர பங்கில எழுதச் சொல்லும்" என்று சொன்ன அந்தக் குரலை இத்தனை வருடத்தில் அவரிடம் நான் கேட்டதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மீன் வாங்குவதென்றால் பத்து மணிக்குள் கரையிலுள்ள மீன் கொட்டிலுக்குப் போங்கள், பிறகு முடிந்துவிடும். ஹல்ப்டாக்ஸ் அட்டை இருந்தால் ரயிலுக்குப் பாதிக் கட்டணம்தான். கரையில் கழிப்பறை இல்லை, ரயில் நிலையத்திலேயே பிள்ளைக்கு அணையாடை மாற்றிவிடுங்கள். காற்று வெயிலிலும் குளிரும், தொப்பி கட்டாயம்.

வின்டர்தூரிலோ பேர்ண் பக்கத்திலோ தமிழர் இல்லாத ஊரில் கைக்குழந்தையோடு இருந்த அக்காமாரே, முதல் குளிர்காலத்தை எப்படிக் கடந்தீர்கள்? பகலில் யாரோடு கதைத்தீர்கள்? இரண்டு வரியென்றாலும் போதும். மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.